ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்ற பிறகும் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

நெய்வேலி வாசகர்
அக்டோபர் 4, 2025, மாலை 6.10

என் அக்காவுக்கு 46 வயது. நெஞ்சு வலி என்று சேர்த்தோம். ரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருக்கிறது, மாரடைப்பு என்றார்கள். ஆஞ்சியோ எடுத்தார்கள், ஓர் அடைப்பும் இல்லை. எக்கோவும் ஏறக்குறையச் சரி. இப்போது இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடைப்பே இல்லை என்று தெரிந்த பிறகு இது பணம் பிடுங்கும் வேலை என்றுதான் தோன்றுகிறது. இதய எம்.ஆர்.ஐ. வசதியுள்ளவர்களுக்கான சோதனை. மறுப்பவர் உண்டா?

அக்டோபர் 4, இரவு 9.35

நான் மறுக்கிறேன் தம்பி. எடுத்துவிடுங்கள். முடிந்தால் வலி வந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் எடுங்கள். நான் மருத்துவர் இல்லை; எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்க்கும் ரேடியோகிராபர். என் வேலையில் பெரும்பகுதி இதய ஸ்கேன்தான்.

ஆஞ்சியோ பார்ப்பது ரத்தக்குழாயின் உட்புறத்தை. மருந்து ஓடும் வழி எங்கே குறுகியிருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். அந்த ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் தசைக்கு என்ன ஆயிற்று என்பது அதில் தெரியாது. எக்கோ தசையின் அசைவைக் காட்டும். அசைவு கெடாத அளவுக்குச் சிறிய காயம் அதில் தப்பிவிடும். ட்ரோபோனின் கூடியிருக்கிறது என்றால் இதயத் தசையின் செல்கள் சிதைந்திருக்கின்றன என்று பொருள். சிதைத்தது எது? ஆஞ்சியோ எடுப்பதற்குள் தானாகக் கரைந்துவிட்ட ஒரு ரத்தக்கட்டியா, வைரஸால் வந்த தசை அழற்சியா, கடும் அதிர்ச்சியில் இதயத்தின் நுனி உப்பிப்போகும் கோளாறா? மூன்றுக்கும் மருத்துவம் வேறு. முதலாவது என்றால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் காலமெல்லாம் சாப்பிட வேண்டியிருக்கும். இரண்டாவது என்றால் அந்த மாத்திரையால் பயனில்லை; சில மாதங்களுக்குக் கடும் உடலுழைப்பு கூடாது என்பதுதான் முக்கியம்.

மாரடைப்பு என்று வருகிறவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேருக்கு ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இருப்பதில்லை. அதில் பெண்களின் பங்கு அதிகம். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இப்படிப்பட்ட பெண்களையே எடுத்துக்கொண்டு, குழாய்க்குள் ஒளியைச் செலுத்திச் சுவரைப் படமெடுக்கும் சோதனையையும் இதய எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துச் செய்தது. இரண்டும் முடிந்த 116 பேரில் 98 பேருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. "ஆஞ்சியோ சுத்தம், பயப்படாதீர்கள், வாயுத் தொல்லைதான்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் பிறகு மறுபடியும் வந்து படுக்கிற பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் அக்காவின் மருத்துவர் அப்படி அனுப்பாமல் காரணம் தேடுகிறார். அவரை நம்புங்கள்.

அக்டோபர் 5, காலை 7.20

ஏன் இரண்டு வாரத்துக்குள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காயம்பட்ட தசையில் நீர் கோத்திருக்கும். அந்த வீக்கம் எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரியும். நாளாக ஆக வற்றிவிடும். வற்றிய பிறகு தழும்பு மட்டும் மிஞ்சும். அது போன வாரத்துத் தழும்பா, ஐந்து வருடத்துக்கு முந்தையதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அக்டோபர் 5, மதியம் 2.15

தழும்பு எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கையில் ஊசி வழியாகக் கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம் ஏற்றுகிறோம். அது செல்லுக்குள் நுழையாது, செல்களுக்கு இடையில் உள்ள வெளியில் மட்டும் உலவும். உயிருள்ள தசையில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் அதற்கு இடம் குறைவு. சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். செல் செத்த இடத்திலும் தழும்பிலும் இடம் தாராளம், தங்கிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, நல்ல தசை முழுக்கக் கறுப்பாகத் தெரியும்படி நேரத்தைக் கணக்கிட்டுப் படமெடுத்தால், செத்த இடம் மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

அந்த வெள்ளை எங்கே இருக்கிறது என்பதே கதையைச் சொல்லிவிடும். ரத்தம் தடைபட்டால் முதலில் சாவது தசையின் உள்விளிம்பு. அங்கிருந்துதான் வெளிப்புறமாகப் பரவும். ஆகவே மாரடைப்புத் தழும்பு எப்போதும் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். தசை அழற்சியின் தழும்பு பெரும்பாலும் உள்விளிம்பை விட்டுவிட்டு வெளிவிளிம்பிலோ நடுவிலோ, அதிலும் இடப்பக்கச் சுவரில் திட்டுத் திட்டாக விழும். அமிலாய்டு என்னும் புரதம் படிந்த இதயத்தில், எந்த நேரத்தைக் கொடுத்தாலும் தசை கறுக்கவே மறுக்கும். படமெடுக்கும் எங்களுக்கே அப்போது பொறி தட்டிவிடும். அறிக்கை எழுதும் மருத்துவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிவிடுவேன்.

அக்டோபர் 6, இரவு 10.05

ஸ்கேனுக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று நெய்வேலித் தம்பி கேட்டதற்கு.

அக்காவின் தாலிச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் நாலைந்து ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள், அவை எஃகு. எங்கள் இயந்திரம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு. ஊக்கு நெஞ்சின் மீதே கிடந்தால் படம் பாழாவது ஒருபுறம், அது எகிறினால் ஆபத்து. கழுத்தை வெறுமையாக விட மனம் ஒப்பாத அம்மாக்களுக்கு எங்கள் செவிலியர் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டு உள்ளே அனுப்புவார். அந்த ஒரு நிமிட மரியாதையில் அவர்களுடைய பதற்றம் பாதி குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மெட்டி, ஜரிகைச் சேலை, ஆண்களின் அரைஞாண் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

அடுத்தது மூச்சு. இதயப் படம் ஒரே துடிப்பில் எடுக்கப்படுவதில்லை. பல துடிப்புகளிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் ஒரு படம் முழுமையாகிறது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் எட்டிலிருந்து பன்னிரண்டு விநாடி மூச்சை நிறுத்த வேண்டும். மூச்சை இழுத்து நிறுத்துவதைவிட வெளியே விட்டு நிறுத்துவது நல்லது. அப்போதுதான் உதரவிதானம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கும். நாளைக்கே வீட்டில் உட்கார்ந்து பழகச் சொல்லுங்கள்: இழுங்கள், விடுங்கள், நிறுத்துங்கள். பழகி வருகிறவர்களுக்கு முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பழகாதவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் இழுக்கும், படமும் சுமார்தான்.

அக்டோபர் 6, இரவு 10.30

விட்டுப்போனது: ஸ்கேனுக்கு முந்தைய நாள் காபி, டீ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். அடினோசின் என்ற மருந்தை ஏற்றி ரத்தவோட்டத்தைச் சோதிக்கும் திட்டம் இருந்தால் காபியில் உள்ள காபீன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. சோதனை எடுத்தும் எடுக்காத கதை ஆகிவிடும்.

அக்டோபர் 8, காலை 6.50

"ஸ்டென்ட் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. பக்கமே போகக் கூடாது" என்று ஒரு வாசகர் எழுதியிருப்பது தவறு ஐயா. இதயத்தில் வைக்கும் ஸ்டென்டுகளைக் காந்தம் இழுத்து நகர்த்துவதில்லை. வைத்த அன்றே கூட, 3 டெஸ்லா வரை, ஸ்கேன் எடுக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007-இலேயே எழுதிவிட்டது. ஆறு வாரம், ஆறு மாதம் என்ற பழைய கணக்கைச் சொல்லி இன்னும் பல இடங்களில் நோயாளியைத் திருப்பி அனுப்புகிறார்கள். பேஸ்மேக்கர் வேறு விஷயம்: அதன் அட்டையைக் கொண்டுவர வேண்டும், ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அதை அளந்து மாற்றியமைக்க ஆள் வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்கள் பற்றிய பயத்துக்கு அடிப்படை உண்டு. கடோலினியத்தால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய் வருகிறது என்பது 2006-இல் ஆஸ்திரியாவில் தெரிய வந்தது; டயாலிசிஸ் நோயாளிகள்தான் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகு பழைய வகை மருந்துகளை ஒதுக்கி, உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் வளைய வடிவச் சேர்மங்களுக்கு மாறினார்கள். அந்த நோய் இப்போது மிக அரிது. கிரியாட்டினின் அறிக்கையைக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

அக்டோபர் 11, இரவு 9.00

"பைபாஸ் செய்யலாமா கூடாதா என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும் என்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறார் திருநெல்வேலி நண்பர்.

அப்படி ஒரு நம்பிக்கை பிறந்தது 2000-இல். சிகாகோவில் ரேமண்ட் கிம்மும் ராபர்ட் ஜட்டும் அவர்களோடு இருந்தவர்களும், அடைப்பு நீக்கும் முன்பு நோயாளிகளின் இதயத்தைக் கடோலினியம் ஏற்றிப் படமெடுத்தார்கள். அசைவு குன்றியிருந்தும் வெள்ளையே இல்லாத பகுதிகள் 329. ரத்தவோட்டம் சீரான பிறகு அவற்றில் 256 மீண்டும் நன்றாக அசைந்தன. சுவரின் முக்காலுக்கு மேல் வெள்ளையாக இருந்த 58 பகுதிகளில் மீண்டது ஒன்றே ஒன்று. இப்படிப் பளிச்சென்று விடை சொல்லும் ஆய்வு எங்கள் துறையில் அபூர்வம். முதன்முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரையில் நான் பார்க்கும் வெள்ளைக்கு இவ்வளவு அழுத்தமான பொருள் இருக்கிறதே என்று.

அக்டோபர் 12, மாலை 5.45

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். தசை மீண்டும் அசைகிறது என்பதும் நோயாளி கூடுதல் நாள் வாழ்கிறார் என்பதும் வேறு வேறு. பிரிட்டனில் 700 பேரை வைத்து, இதயம் மிகவும் பலவீனமான, ஆனால் உயிருள்ள தசை மிச்சமிருக்கிற நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்துப் பார்த்தார்கள். மறுபாதிப் பேருக்கு மருந்து மட்டும். 2022-இல் முடிவு வந்தது: சாவிலும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதிலும் வித்தியாசம் இல்லை. பிறகு அதே நோயாளிகளின் ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, உயிருள்ள தசையின் அளவு ஸ்டென்டின் பயனை முன்கூட்டிச் சொல்லவில்லை. தழும்பின் அளவுதான் யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொன்னது.

ஆகவே திருநெல்வேலி நண்பருக்கு என் பதில்: ஸ்கேனில் உயிருள்ள தசை தெரிகிறது என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு அறுவைக்கு அவசரப்பட வேண்டாம். பைபாஸ் பற்றிய முடிவு வேறு பல கணக்குகளையும் சேர்த்தது. எத்தனை குழாய், சர்க்கரை உண்டா, வயது என்ன என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசுங்கள்.

அக்டோபர் 12, மாலை 6.10

இன்னொரு பக்கமும் உண்டு. நிலையான நெஞ்சு வலியுள்ள 918 பேரில் பாதிப் பேரை நேராக ஆஞ்சியோவுக்கும், பாதிப் பேரை அடினோசின் எம்.ஆர்.ஐ.க்கும் அனுப்பிய ஆய்வு 2019-இல் வந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் தீங்கு ஒரே அளவு, எம்.ஆர்.ஐ. பிரிவில் ஸ்டென்ட், பைபாஸ் செய்துகொண்டவர்கள் குறைவு. வசதியுள்ளவர்களுக்கான சோதனை என்று தொடங்கிய இந்த இழையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. தேவையில்லாத ஒரு ஸ்டென்டின் விலையில் எத்தனை ஸ்கேன் எடுக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்டோபர் 19, இரவு 11.20

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கும் கேள்விக்காக இவ்வளவு நேரம் விழித்திருக்கிறேன். அவருடைய மகனுக்குத் தலசீமியா, ரத்தத்தின் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பரம்பரை நோய். மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தச் சோதனையான பெர்ரிட்டினின் அளவு ஆயிரத்துச் சொச்சம்தான், எக்கோவும் சரி. இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கவலைப்பட வேண்டாம், ஆனால் அளந்து பார்க்க வேண்டும் அம்மா. இந்த இழையில் நான் எழுதிய எதையும்விட இது முக்கியமானது.

ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கும் மேல் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. கல்லீரலில் படியும், சுரப்பிகளில் படியும், இதயத் தசையில் படியும். தலசீமியாப் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தது ரத்தச் சோகையைவிட இதயத்தில் படிந்த இந்த இரும்புதான். கொடுமை என்னவென்றால், எக்கோவில் இதயம் தளர்ந்து தெரியும்போது காலம் கடந்திருக்கும். இரும்பு சேர்ந்துகொண்டே போகும், இதயமும் கடைசிவரை நன்றாகவே துடித்துக்கொண்டிருக்கும்.

2001-இல் லண்டனில் லிசா ஆண்டர்சனும் டட்லி பென்னலும் அவர்களுடைய குழுவினரும் ஒரு வழியைக் கண்டார்கள். இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைக்கும். குலைந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை வேகமாக மங்கும். அந்த மங்கும் வேகத்தை மில்லி விநாடியில் அளந்தால் அதுதான் டி2 ஸ்டார். 20-க்கு மேல் இருந்தால் நல்லது. 20-க்குக் கீழே போனால் இதயத்தில் இரும்பு ஏறியிருக்கிறது. 10-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவத்தைத் தீவிரப்படுத்த வேண்டும். பிறகு 652 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், ஓராண்டுக்குள் இதயச் செயலிழப்பு வந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு டி2 ஸ்டார் 10-க்குக் கீழே இருந்தது. பெர்ரிட்டினும் கல்லீரல் இரும்பும் இப்படி முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது அம்மா: பெர்ரிட்டின் குறைவாக இருப்பது இதயத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

நான் எடுத்த ஒரு ஸ்கேனைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன். பள்ளியில் கிரிக்கெட் ஆடுகிறான், மாடிப்படி ஏறி வருகிறான், பெர்ரிட்டினும் மோசமில்லை. ஒரே மூச்சில் எட்டுப் படங்கள் வரும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சில மில்லி விநாடி தாமதமாக எடுத்தது. நல்ல இதயத்தில் எட்டாவது படத்திலும் இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் சாம்பல் நிறத்தில் தெரியும். இவனுக்கு மூன்றாவது படத்திலேயே சுவர் இருண்டது. நான்காவதில் கரி. கணக்குப் போட்டால் 7. கண்ணாடிக்கு அப்பால் அவன் சுரங்கத்துக்குள் படுத்துக் கால் விரலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே மருத்துவர் அவர்களை அழைத்துப் பேசினார், இரும்பை வெளியேற்றும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தொடங்கினார். எண் மெல்ல மெல்ல ஏறியது. இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான்.

ஸ்கேன் மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை, மருந்துதான் காப்பாற்றுகிறது. ஆனால் யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு அவசரம் என்பதை இந்த எண் சொல்கிறது. பழைய மருந்தான டெஸ்பெராக்சமைனைத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சிறு பம்பு வைத்து, இரவு முழுக்க ஏற்ற வேண்டும், வாரத்தில் ஐந்தாறு நாள். எத்தனை பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள்? வாயால் விழுங்கும் டெபெரிப்ரோன் இதயத்திலிருந்து இரும்பை நன்றாக எடுக்கிறது என்பதும் டி2 ஸ்டாரால்தான் உறுதிப்பட்டது. சார்டினியாவில் 65 பேரை வைத்து நடந்த ஆய்வில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு எண் கூடுதலாக ஏறியது. அந்த மாத்திரைக்கு உலகில் முதலில் அனுமதி தந்தது நம் நாடு, 1990களின் நடுவில். அமெரிக்கா 2011-இல்தான் தந்தது. வெள்ளணுக்கள் திடீரென்று குறையும் ஆபத்து அதற்கு உண்டு. ரத்த எண்ணிக்கைச் சோதனையைத் தவறவிடக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

பிரிட்டனின் தலசீமியாப் பதிவேட்டைப் பார்த்தால், 2000-க்குப் பிறகு இரும்பால் நேரும் சாவு நூற்றுக்கு 71 பங்கு குறைந்தது. டி2 ஸ்டார் புழக்கத்துக்கு வந்ததும் அதைப் பார்த்து மருந்தை மாற்றியதும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஒரு படமெடுக்கும் முறை இத்தனை உயிரைப் பிடித்து வைத்ததற்கு இதயத் துறையில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அக்டோபர் 20, காலை 6.30

நேற்று எழுதியதில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டி2 ஸ்டாருக்கு ஊசி வேண்டாம், கடோலினியம் வேண்டாம். இதயமும் கல்லீரலும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு மணி நேர ஸ்கேனுக்கு வாங்கும் கட்டணத்தை இதற்கும் வாங்குவது அநியாயம். என் அனுபவத்தில், நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவர்கள் கட்டணத்தைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தலசீமியாவோடு பிறக்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறோம். இயந்திரங்கள் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. முதுகுவலிக்கும் முழங்காலுக்கும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நாலைந்து பிள்ளைகளின் இதயத்தை அளந்துவிடலாம்.

பெரு நாட்டின் லிமா நகரில் லண்டன் மருத்துவர்களோடு சேர்ந்து, இதய எம்.ஆர்.ஐ.யைக் கத்தரித்துச் சுருக்கி, கடோலினியத்தோடு சேர்த்தே சராசரி 18 நிமிடத்தில் முடித்துக் காட்டினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் குறுகிய ஸ்கேனால் மருத்துவம் மாறியது. அங்கே நடந்தது இங்கே நடக்கக் கூடாதா?

அக்டோபர் 26, மாலை 4.10

ரத்தக்குழாய் பற்றி யாருமே கேட்கவில்லை என்று காரைக்குடி நண்பர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம்தான். டகாயாசு நோயை எடுத்துக்கொள்வோம். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டகாயாசு விவரித்தது. மகாதமனியின் சுவரும் அதன் கிளைகளின் சுவரும் அழற்சியால் தடித்துச் சுருங்கும். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும். ஜப்பானில் கழுத்துக்கும் கைக்கும் போகும் கிளைகள் அதிகம் கெடுகின்றன. இந்தியாவில் வயிற்றுப் பகுதியும் சிறுநீரகத் தமனியும். அதனால் நம் ஊரில் அது இருபது வயதுப் பெண்ணின் ரத்த அழுத்தமாகத்தான் முகம் காட்டும். இரண்டு கைகளிலும் அழுத்தம் வேறு வேறாக இருந்தால், ஒரு மணிக்கட்டில் நாடி பிடிபடவில்லை என்றால், உடனே சந்தேகப்பட வேண்டும்.

ஆஞ்சியோவில் குழாய் குறுகிய பிறகுதான் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் சுவர் தடிப்பதையே பார்க்கலாம், குறுகுவதற்கு முன்பே. கதிர்வீச்சும் இல்லை, வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டிய இளம் பெண்களுக்கு அது பெரிய விஷயம். சுவர் கடோலினியத்தை உறிஞ்சி ஒளிர்வதை மட்டும் வைத்து நோய் இன்னும் சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அடங்கிய சுவரும் சில சமயம் ஒளிரும். மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனையையும் நோயாளியின் உடல்நிலையையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

அக்டோபர் 26, மாலை 4.40

கன்னியாகுமரி வாசகருக்கு: ஆமாம், உங்கள் பக்கத்திலும் கேரளக் கரையிலும் ஒரு காலத்தில் நிறையப் பார்த்த இதய உட்சுவர் நார்த்தடிப்பு நோய்க்கும் இந்தப் படம் உதவும். உகாண்டாவில் 1940களில் விவரிக்கப்பட்ட நோய் அது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் பல ஆண்டுகள் அதை ஆராய்ந்தது. கடோலினியப் படத்தில் இதய நுனியில் மூன்று அடுக்கு தெரியும்: வெளியே கறுத்த நல்ல தசை, நடுவே வெள்ளையாக நார், உள்ளே கறுப்பாகப் படிந்த ரத்தக்கட்டி. ஒருமுறை பார்த்தால் மறக்காது. இப்போது அந்த நோயே குறைந்துவிட்டது.

நவம்பர் 2, இரவு 8.30

அறிக்கையில் "இடது கீழறை சற்றுச் சிறியது" என்று வந்தால் பயப்பட வேண்டுமா என்று ஒரு கேள்வி. பல இடங்களில் நாங்கள் ஒப்பிடும் அளவுப் பட்டியல் ஐரோப்பியருடையது. பிரிட்டனின் பயோபேங்க் திட்டம் ஐந்து லட்சம் பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு லட்சம் பேரின் உடலை ஸ்கேன் செய்து முடித்துவிட்டது, 2025-இல்தான். மாபெரும் வேலை. இதயத்துக்கு ஒருவருக்கு இருபது நிமிடம்தான், கடோலினியமும் கிடையாது. அதிலிருந்து 2017-இல் வந்த இயல்பு அளவுகள் 800 வெள்ளையருடையவை. தெற்காசியரின் இதயம் சராசரியாக அதைவிடச் சிறியது; உடல் பரப்புக்குச் சரிசெய்தாலும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும். அந்தப் பட்டியலை அப்படியே நம் ஆட்கள் மீது வைத்தால், வீங்கத் தொடங்கிய இதயம்கூட "இயல்பு" என்று தப்பிவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை. நம் மக்களின் அளவுகளை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையும் நல்ல இதயம் என்று தெரிந்தவர்களின் அளவுகளைச் சேர்த்துப் பொதுவில் வைத்தாலே போதும், சில ஆண்டுகளில் ஒரு பட்டியல் உருவாகிவிடும்.

நவம்பர் 9, காலை 7.00

தர்மபுரி அம்மா மருத்துவரிடம் பேசிவிட்டாராம், எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாராம். மிக்க மகிழ்ச்சி. போவதற்கு முன் சில விஷயங்கள்.

இயந்திரம் 1.5 டெஸ்லாவா என்று போனிலேயே கேளுங்கள். 20, 10 என்று நான் எழுதிய எல்லைகள் அதற்கு மட்டும்தான். 3 டெஸ்லா இயந்திரத்தில் அதே இதயத்துக்கு எண் ஏறக்குறையப் பாதியாக வரும்; தெரியாதவர்கள் பார்த்தால் நல்ல இதயத்தையும் கெட்டது என்பார்கள். "புதிய இயந்திரம், சக்தி அதிகம்" என்று சொன்னாலும் இந்த ஒரு சோதனைக்குப் பழைய 1.5 தான் வேண்டும்.

அளவை நடுச்சுவரில் எடுத்தார்களா என்று அறிக்கையில் பாருங்கள். இடப்பக்கச் சுவருக்கு அருகில் நுரையீரலின் காற்றும் பெரிய சிரையும் இருப்பதால் அங்கே எண் தவறாகக் குறையும்.

சீட்டில் "இதயமும் கல்லீரலும், டி2 ஸ்டார், ஊசி இல்லாமல்" என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "இதய எம்.ஆர்.ஐ." என்றிருந்தால் முழு ஸ்கேனுக்குப் பணம் கேட்பார்கள். இது செய்வதற்கு மென்பொருள் இருக்கிறதா என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள், பஸ் ஏறிய பிறகு அல்ல.

எண் 20-க்கு மேல் என்றால் அடுத்த ஸ்கேன் எப்போது என்பதை மருத்துவர் சொல்வார்; பல இடங்களில் ஓராண்டு, இரண்டாண்டு இடைவெளி விடுகிறார்கள். 10-க்குக் கீழே என்றால் ஆறு மாதத்தில் மறுபடியும். எண் ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்; கல்லீரல் முதலில் தெளியும், இதயம் பின்தங்கித்தான் வரும். இரண்டாவது ஸ்கேனில் பெரிய மாற்றம் இல்லை என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். எல்லா ஸ்கேனையும் ஒரே இடத்தில் எடுங்கள், சி.டி.யை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு இப்போதிருந்தே மூச்சை விட்டு நிறுத்தப் பழக்குங்கள். எட்டுப் படத்துக்கும் ஒரே மூச்சுதான்.